கடைசியாகத் தெரிந்தது 3.47

இருநூற்றுப் பதினொன்று.
மேசைக் கணினி எழுபத்து நாலு,
மீதியெல்லாம் ரப்பர் உறை போட்ட டெப்,
தராசோடு பேசுகிற போன்.
ஹட்டனில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில்
என் திரையில் அத்தனையும் புள்ளியாக நிற்கும்.
பச்சை என்றால் உயிரோடு.
சாம்பல் என்றால் பனிமூட்டம், மின்வெட்டு,
அல்லது சார்ஜரைப் பிடுங்கிவிட்டு யாரோ
கேத்தலை மாட்டியிருக்கிறார்கள்.

வந்த புதிதில் ஒன்று, இரண்டு என்று எண் போட்டேன்.
தப்பு.
நாற்பத்தாறு வேலை செய்யவில்லை என்றால்
எந்த மலை, யார் கை, ஒன்றும் விளங்காது.
இப்போது பெயரிலேயே வைத்துவிட்டேன்:
மேக்கணக்கு - ஒன்பதாம் மலை - தராசு.
கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற மாதிரி.

புது வெர்ஷனை எல்லாருக்கும் ஒரேயடியாக அனுப்பாதே.
முதலில் ஐந்துக்கு. அதில் ஒன்று உன்னுடையதாக இருக்கட்டும்.
சம்பள வாரத்தில் எதையும் தொடாதே.
இது ஒரு பத்தாம் தேதி படித்த பாடம்.
பிரட்டுக்களத்தில் நின்றவர்கள்
என் பெயர் சொல்லித் திட்டவில்லை, அது தெரியாது அவர்களுக்கு.
"இந்தச் சிஸ்டம்" என்று திட்டினார்களாம்.
கேள்விப்பட்டபோது
அந்தப் பெயருக்கு நான் திரும்பிப் பார்த்தேன்.

புதன்கிழமை. இடி.
ஐந்தரைக்கு ஜெயசெல்வம் எடுத்தார்.
"மிஸ், டெப் போயிருச்சி."
"போயிருச்சின்னா?"
"கானுல."
கொழுந்து லொறி போன பிறகு
அட்டையைப் பிடுங்கக் குனிந்திருக்கிறார்.
தண்ணி இழுத்திருக்கலாம். யாரும் எடுத்துமிருக்கலாம்.

விதி தெரியும். எழுதியதே நான்தான்:
தொலைந்தால் ஒரு மணிக்குள் துடை.
உள்ளே அடையாள அட்டை இலக்கம், கைரேகை, வங்கிக் கணக்கு.
சிவப்புப் பொத்தான் தயாராக இருந்தது.
அதன் கீழே, சின்ன எழுத்தில்,
கடைசியாகத் தெரிந்தது 3.47.

பின்னேர நிறுவை நாலரைக்கு.

இருபத்து மூன்று பேரின் பின்னேரக் கொழுந்து
அந்த ஈரப் பெட்டிக்குள் மட்டும்தான்.
பதினெட்டுக் கிலோவுக்குக் குறைந்தால் அரைப்பேர்.
கையில் துண்டு கொடுப்பதைப் போன வருஷம் நிறுத்தினோம்.
கடதாசி வீண் என்று
படம் போட்டு விளக்கியதும் நான்தான்.

பொத்தானிலிருந்து கையை எடுத்தேன்.
ஆறரை தாண்டியது. ஏழரை தாண்டியது.
கீழே பேக்கரி ஷட்டர் விழுந்தது.
பிளேன்டீ ஆறி, மேலே ஆடை கட்டிக் கிடந்தது.
மேலிடம் கேட்டால் என்ன சொல்வது என்று
மூன்று விதமாக எழுதி அழித்தேன்.

ஒன்று மட்டும் முன்னாலேயே செய்து வைத்திருந்தேன்.
எல்லாக் கருவியின் பூட்டுத்திரையிலும்
தமிழிலும் சிங்களத்திலும் ஒரு வரி:
கண்டெடுத்தால் கோயில் வளைவுக்குக் கொண்டுபோங்கள்,
அங்கே சிக்னல் கிடைக்கும்.
யாரும் வாசிப்பார்கள் என்று நினைத்து வைத்ததில்லை.

9.12.
புள்ளி பச்சையானது.
ஆறு நிமிஷம், அந்த மழையில், யாரோ
வளைவில் நின்றிருக்கிறார்கள்
பெட்டியைத் தலைக்கு மேல் பிடித்தோ, சேலைக்குள் மறைத்தோ.
வரிவரியாக இறங்கியது:
காலையும் மாலையும் சேர்த்து இருபத்தொன்று, பத்தொன்பதரை,
சரியாகப் பதினெட்டு, இருபத்து நாலு…
இருபத்து மூன்றாவது வரி பதினேழு தசம் ஆறு.

மாற்ற என்னால் முடியும்.
என் அனுமதிக்கு இந்தத் திரையில் வேலி இல்லை.
மழையில் ஏறி வந்தது அந்தப் பதினேழு தசம் ஆறுதானா?
பதிவேட்டில் நேரம் இருந்தது, இடம் இருந்தது,
பற்றரி நாலு வீதம் என்று இருந்தது.
ஆள் இல்லை.
மாற்றவில்லை. அது சரியென்று இன்றைக்கும் சொல்லமாட்டேன்.

9.18. சாம்பல்.

வியாழன் காலை கொள்வனவுப் படிவம் நிரப்பினேன்.
துண்டு அடிக்கும் சின்ன மெஷின், நாற்பது.
காரணம் என்ற கட்டத்தில்
கான் என்று எழுதினேன்.